டூம் இட்டர்னல்: எந்நேரமும் தோட்டா தீர்ந்துபோகிறது, எங்கே தப்பு செய்கிறேன்?

மழைக்குருவி:

வணக்கம். 2016இல் வந்த டூம் என்ற சுடும் கணினி விளையாட்டை மூன்று முறை முடித்தவன் நான். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் படுக்கப் போகும் முன் ஒரு சண்டை ஆடிவிட்டுத்தான் படுப்பேன், அந்த அளவுக்குப் பிடிக்கும். அதன் அடுத்த பாகமான டூம் இட்டர்னல் தள்ளுபடியில் வந்ததும் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். இப்போது மூன்றாவது கட்டமான கல்டிஸ்ட் பேஸில் நான்கு நாளாக நிற்கிறேன். ஹர்ட் மீ பிளென்டி என்ற நடுத்தரக் கடின நிலையில்தான் ஆடுகிறேன்.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சுடச் சுட டீமன்களின் சதை பிய்ந்து எலும்பு தெரிகிறது. எதிரில் நிற்பவன் எவ்வளவு அடி வாங்கியிருக்கிறான் என்று அவன் உடம்பைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மிக் கார்டனின் இசை தொடங்கியதும் கை தானாக மவுஸை இறுக்கிப் பிடிக்கிறது. இரண்டாவது கட்டத்தில் டேஷ் (சட்டென்று பாயும் திறன்) கிடைத்த பிறகு ஓட்டமும் தாவலும் பழைய ஆட்டத்தைவிட எவ்வளவோ மேல்.

ஆனால் தோட்டா! ஷாட்கனுக்கு மொத்தமே 16 குண்டுதான் வைத்துக்கொள்ள முடிகிறது. பழைய டூமில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் தீராத பிஸ்டல் இருந்தது, இதில் அதையும் எடுத்துவிட்டார்கள். நேற்று நடந்ததைச் சொல்கிறேன். மேன்குபஸ் என்ற பருத்த டீமன் ஒருவன் நெருப்பைக் கக்கிக்கொண்டு வருகிறான். ஷாட்கனில் 2 குண்டு, ஹெவி கேனனில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் ஒரு ஜோம்பி குறுக்கே வந்து நின்றான். அவனைத் தள்ளிவிட அந்த 2 குண்டையும் செலவழித்தேன். அதோடு முடிந்தது, மூலையில் மாட்டிச் செத்தேன். இதே மாதிரி இருபது தடவையாவது ஆகியிருக்கும்.

இன்னொரு விஷயம். கிராஃபிக்ஸ் கார்டு 1650, 4 ஜிபி. கூட்டம் கூடும்போது படம் விட்டுவிட்டு நகர்கிறது. தோட்டாவா, கணினியா, என் கையா, எதைச் சரிசெய்வது என்றே புரியவில்லை. உதவுங்கள்.

தெற்குவாசல்:

கணினி விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதை ஆடித் தேர்ந்தவர்கள் சொல்லட்டும். வீடியோ அமைப்புகளில் டெக்ஸ்சர் பூல் சைஸ் என்று ஒன்று இருக்கும். அதை அல்ட்ராவில் வைத்திருந்தால் மீடியத்துக்கோ லோவுக்கோ இறக்குங்கள். இந்த ஆட்டம் ஐடி டெக் 7 இன்ஜினில் ஓடுகிறது. பூல் சைஸ் என்பது படத்தோல்களுக்காக (பொருட்களின் மேல் ஒட்டும் படங்கள்) வீடியோ நினைவகத்தில் எவ்வளவு இடம் ஒதுக்குவது என்ற கணக்கு. 4 ஜிபி கார்டில் அதை ஏற்றி வைத்தால் மற்ற எதற்கும் இடம் இருக்காது. இறக்கினால் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். அப்புறம் நிழலை ஒரு படி குறையுங்கள், மோஷன் பிளரை அணைத்துவிடுங்கள். பார்வைக் கோணத்தை 100 பக்கம் ஏற்றினால் பக்கவாட்டில் வருபவனும் கண்ணில் படுவான். 120 வரை போகலாம்தான், ஆனால் அதற்கும் கார்டு உழைக்க வேண்டும்.

நடுநிசி:

தம்பி, நான் முதல் டூமை 486 கணினியில் ஆடியவன். இட்டர்னல் வந்த 2020 மார்ச்சில் எனக்கும் முதல் மூன்று நாள் இதே கோபம்தான். ஆட்டத்தை அழித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. கடைசி 2 குண்டால் சுட்டீர்களே, அந்த ஜோம்பிதான் உங்கள் தோட்டாப் பெட்டி. செயின்சாவை எடுத்து அவனை அறுத்திருந்தால் எல்லாத் துப்பாக்கிக்கும் தோட்டா கொட்டியிருக்கும்.

பழைய டூமில் செயின்சா அபூர்வப் பொருள். பெட்ரோல் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதைப் பெரிய டீமனுக்கென்று பத்திரப்படுத்தி வைப்போம். உங்களுக்கும் அந்தப் பழக்கம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இட்டர்னலில் செயின்சாவின் பெட்ரோலைத் திரையில் மூன்று கட்டையாகக் காட்டும். அதில் முதல் கட்டை தானாகவே நிரம்பும். ஜோம்பி, இம்ப் மாதிரிச் சின்ன ஆட்களை அறுக்க அந்த ஒரு கட்டை போதும். பெரிய சண்டைகளில் சின்ன ஆட்கள் திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்திருப்பீர்கள். உங்களைக் கொல்ல வருபவர்கள் இல்லை அவர்கள். நீங்கள் அறுப்பதற்காகவே அனுப்பப்படுகிறவர்கள்.

மற்றதும் இதே மாதிரிதான். உயிர் வேண்டுமா, தள்ளாடி மின்னுகிறவனைக் கிட்டப் போய்க் கையாலேயே கொல்லுங்கள், அதுதான் குளோரி கில். கவசம் வேண்டுமா, தோளில் இருக்கும் ஃபிளேம் பெல்ச்சால் கூட்டத்தைக் கொளுத்திவிட்டு அடியுங்கள், பச்சைத் துண்டுகள் உதிரும். தோட்டா வேண்டுமா, செயின்சா. ஆக, தேவையான எல்லாமே எதிரிகளிடம்தான் இருக்கிறது. மூலையில் ஒளிந்தால் எதுவும் கிடைக்காது. ஓடிப்போய் அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டும்.

ஒரே துப்பாக்கியைப் பிடித்துத் தொங்குவதையும் விட்டுவிடுங்கள். பழைய ஆட்டத்தில் சூப்பர் ஷாட்கன் ஒன்றை வைத்தே பாதித் தூரம் ஓட்டிவிடலாம். இங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு பலவீனம் உண்டு. கேகோடீமன் வாயைத் திறக்கும்போது உள்ளே ஷாட்கனின் ஒட்டுக்குண்டைப் போட்டால் அந்த இடத்திலேயே தள்ளாடுவான், ஒரே குண்டு. அரக்னோட்ரானின் முதுகில் இருக்கும் பீரங்கியை ஹெவி கேனனின் குறிபார்த்துச் சுடும் பிரிசிஷன் போல்ட்டால் உடைத்தால் அவன் பாதி ஆள்தான். மேன்குபஸின் கைப் பீரங்கிகளுக்கும் அதே வைத்தியம். ஒளிக்கேடயம் பிடித்து வரும் சோல்ஜருக்கு பிளாஸ்மா, அவன் கேடயமே அவன் மேல் வெடிக்கும். இப்படி ஆடினால் எந்தத் துப்பாக்கியும் அடிமட்டத்துக்குப் போகாது.

சென்டினல் கிரிஸ்டல் என்ற மேம்படுத்தும் கல் கிடைத்தால் முதலில் தோட்டா அளவை ஏற்றப் பாருங்கள். ஷாட்கன் 24 வரை போகும். போதுமான பயிற்சி இல்லை என்று தோன்றினால் டூம் கோட்டையில் ரிபடோரியம் என்ற பயிற்சிக் களம் திறந்ததும் அங்கே போய்ச் சும்மா ஆடுங்கள், தோற்றாலும் நஷ்டம் கிடையாது.

கடைசிபெஞ்ச்:

நடுநிசி சொன்னது எல்லாம் உண்மை. நான் இட்டர்னலை அல்ட்ரா-வயலன்ஸ் என்ற இன்னும் கடினமான நிலையில் முடித்திருக்கிறேன். இருந்தாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும், மழைக்குருவிக்கு இது பிடிக்காமல் போனால் அது அவர் கையின் குறை இல்லை. 2016 டூமில் எனக்குப் பிடித்த துப்பாக்கியால் என் இஷ்டத்துக்கு ஆடினேன். செவ்வாயில் அந்த ஆராய்ச்சிக் கூடத்தின் இருட்டு நடைகளில் மெதுவாக நடந்துபோன பயம் இதில் இல்லை. இதில் எல்லாமே வண்ணம், மிதக்கும் மேடை, சுவரில் தொற்றி ஏறுவது. ஒவ்வொரு புது டீமனுக்கும் ஆட்டத்தை நிறுத்தி ‘இவனை இப்படிக் கொல்’ என்று பலகை வேறு வருகிறது. நானே கண்டுபிடிக்க வேண்டியதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பலகையை அமைப்புகளில் அணைக்கலாம், ஆனால் முதல் தடவை அணைக்காதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள்.

நடுநிசி:

@கடைசிபெஞ்ச் மேடை தாவுவது எனக்கும் பிடிக்கவில்லை. தாவவிடாமல் காலைப் பிடிக்கும் அந்த ஊதாச் சேறு அதைவிட மோசம். ஓடுவதற்கென்றே செய்த ஆட்டத்தில் ஓடாதே என்று எதற்குச் சொல்ல வேண்டும்? ஆனால் சண்டையைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது கைக்குப் பழகிய பிறகு பழைய டூமைத் திரும்ப ஆடினேன். நின்று நிதானமாகச் சுடுவது மாதிரி இருந்தது.

மழைக்குருவி:

நடுநிசி அண்ணா, தெற்குவாசல், கடைசிபெஞ்ச், மூவருக்கும் நன்றி. பூல் சைஸை லோவில் வைத்தேன், விட்டுவிட்டு நகர்வது நின்றுவிட்டது. அது முடிந்தது. ஒரு சந்தேகம்: செயின்சாவை எடுக்கும் நேரத்தில் மற்றவர்கள் அடிக்க மாட்டார்களா? எந்த அளவுக்குத் தோட்டா குறைந்ததும் எடுக்க வேண்டும்?

நடுநிசி:

அறுக்கும் அந்த நொடியில் உங்கள் மேல் அடி விழாது, குளோரி கில்லிலும் அப்படித்தான். சுற்றி வளைத்துவிட்டார்கள் என்றால் அதையே மூச்சு வாங்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம். தோட்டா தீரும்வரை காத்திருக்க வேண்டாம். ஷாட்கன் 6க்குக் கீழே இறங்கியதும் கண் ஒரு ஜோம்பியைத் தேட ஆரம்பிக்க வேண்டும். கட்டை நிரம்பியதா என்று திரையின் ஓரத்தை அடிக்கடி பாருங்கள். முதலில் இரண்டு நாள் எண்ணி எண்ணித்தான் செய்ய வேண்டியிருக்கும், அப்புறம் விரல் தானாகப் போகும்.

தெற்குவாசல்:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். செயின்சா பொத்தான் வழக்கமாக சி-யில் இருக்கும். டேஷுக்கு ஷிஃப்ட், நகர டபிள்யூ, ஏ, எஸ், டி என்று இடது கை ஏற்கெனவே நிறைந்திருப்பதால் எனக்கு சி எட்டவில்லை. மவுஸின் பக்கவாட்டுப் பொத்தானுக்கு மாற்றினேன். ஃபிளேம் பெல்ச்சை இன்னொரு பக்கப் பொத்தானுக்கு. உங்கள் மவுஸில் அந்தப் பொத்தான்கள் இருந்தால் இன்றே மாற்றிவிடுங்கள். பாதிச் சிக்கல் அதில்தான் இருந்தது எனக்கு.

மழைக்குருவி:

இப்போதுதான் முடித்து வந்தேன், கை இன்னும் நடுங்குகிறது. அதே இடம், அதே மேன்குபஸ். சின்ன ஆட்களை ஒருத்தரையும் சுடவில்லை. கூட்டத்துக்கு நடுவே ஓடிக் கொளுத்தினேன், கவசம் 30லிருந்து ஏறிக்கொண்டே போனது. ஷாட்கன் 4 ஆனதும் மவுஸின் பக்கப் பொத்தானை அழுத்தினேன், ஒரு இம்ப் இரண்டாகப் பிளந்தான், தோட்டாக்கள் திரை முழுக்கச் சிதறி என்னிடம் வந்தன. மேன்குபஸின் இரண்டு கைகளும் பிரிசிஷன் போல்ட்டுக்குப் போய்விட்டன. வெறும் உடம்போடு நின்றான். கடைசியில் இசை அடங்கியபோது எல்லாத் துப்பாக்கியிலும் பாதிக்கு மேல் தோட்டா இருந்தது, இந்த ஆட்டத்தில் முதல் தடவையாக.

கடைசிபெஞ்ச் சொன்ன இருட்டு நடைகளை நானும் தேடுகிறேன், அந்தக் குறை எனக்கு இருக்கத்தான் செய்யும். ஆனால் இந்தச் சண்டை பழைய ஆட்டத்தில் கிடைக்காது. சூப்பர் ஷாட்கனும் கைக்கு வந்துவிட்டது, அதன் கொக்கியை எறிந்து டீமனை நோக்கிப் பறந்துகொண்டே இருக்கிறேன். அடுத்து எதற்குத் தயாராக வேண்டும்?

கடைசிபெஞ்ச்:

மராடர் என்ற எதிரி. இன்னும் சில கட்டம் தள்ளி வருவான். வரும்போது இதை நினைவில் வையுங்கள்: ஒட்டிப் போகாதீர்கள், தூரமாகவும் நிற்காதீர்கள், நடு தூரத்தில் நில்லுங்கள். கேடயத்தைச் சுட்டால் ஓநாயை ஏவுவான். கண் பச்சையாக மின்னும் அந்த நொடியில் மட்டும் சூப்பர் ஷாட்கன், உடனே பலிஸ்டா என்ற துப்பாக்கி.