குளம் ஆழப்படுத்தலும் ஊர் வீதியும்: சம்மதம் சொல்ல முன் எதைக் கேட்பது?

மூதூர்க் கமக்காரன்
திருகோணமலை மாவட்டம், மூதூர்ப் பக்கம் ஒரு சிறு குளம். நீர் நிற்கும் பரப்பு 20 ஏக்கர், கீழே 60 ஏக்கர் வயல். திட்டம் இதுதான்: குளம் முழுவதும் நாலடி தோண்டுவது, அந்த மண்ணால் ஒரு கிலோமீற்றர் வீதியை (12 அடி அகலம்) ஒன்றரை அடி உயர்த்துவது, குளக்கட்டுக்குக் கீழே நிற்கும் மருதங்காட்டை வெட்டி அந்த வழியாக வீதியை விடுவது. வீதி கட்டாயம் வேண்டும். மாரியில் நோயாளியை வெளியே கொண்டுபோக வழியில்லை. குளமும் கெடக்கூடாது. கமக்காரர் அமைப்பு எதைத் திருத்தச் சொல்ல வேண்டும்?

துருசடி
முதலில் கணக்கைப் பாருங்கள். ஓர் ஏக்கரில் ஓரடி மண் 435 கியூப் (ஒரு கியூப் 100 கன அடி). 20 ஏக்கரில் நாலடி என்றால் ஏறத்தாழ 34,800 கியூப், அதாவது 3 கியூப் டிப்பரில் 11,600 லோட். கிளறிய மண் பொங்குவதால் லோட் இன்னும் கூடும். உங்கள் வீதிக்குத் தேவை சுமார் 590 கியூப்தான். மீதி எங்கே போகிறது? கூட்டத்தில் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்.

அடுத்தது துருசின், அதாவது குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் வாயிலின், அடிமட்டம். அதற்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் ஒரு துளி நீர்கூட வாய்க்காலுக்கு ஏறாது. மாட்டுக்கும் மீனுக்கும் கிணற்று ஊற்றுக்கும் அந்த நீர் உதவும், வயலுக்கு உதவாது. ஆகவே லெவல் (உயர அளவு) எடுத்து, துருசு மட்டத்துக்கு மேலே படிந்த வண்டலை மட்டும் அள்ளச் சொல்லுங்கள்.

வண்டல் எவ்வளவு என்று அறிய 25 மீற்றருக்கு ஒரு குழி போடுங்கள். கறுத்து, கையில் வழுக்கினால் வண்டல். மண்வெட்டி இறங்க மறுத்து, மஞ்சள் களியும் சுண்ணாம்புக் கட்டியும் வந்தால் அது பழைய அடித்தரை. அதை உடைத்தால் குளம் நீரைத் தாங்காது, ஒழுகும். கடைசி அரை அடி வண்டலை விட்டுவிடுங்கள். கட்டின் உள்ளடியிலிருந்து 20 மீற்றருக்குள் பெக்கோ (மண் தோண்டும் இயந்திரம்) இறங்கவே கூடாது. 1986 ஏப்ரலில் கந்தளாய்க் குளத்துக் கட்டு உடைந்ததை நம் மாவட்டத்தில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

ஆழத்துக்குப் பதில் வானை (மிகை நீர் வழிந்தோடும் இடத்தை) ஓரடி உயர்த்தலாம் என்றும் சொல்வார்கள். ஒப்ப வேண்டாம். நீரோரத்து அலைகரை மரங்கள் மூழ்கிச் சாகும், மேற்குளத்து வயலுக்குள் நீர் ஏறும்.

மருதநிழல்
மருதங்காட்டைத் தயவுசெய்து விடுங்கள். கட்டுக்கு ஊடாகக் கசியும் நீரில் உப்பும் இரும்பும் வரும். அந்த மரங்களும் தாழையும் அதைக் குடித்துவிட்டுத்தான் முதல் வயலுக்கு நீரை விடுகின்றன. வெட்டிய இடங்களில் கட்டடி வரவையில் (வயல் பாத்தியில்) வெள்ளைப் பொருக்கும் செம்மஞ்சள் நீரும் தெரியும், நெல் நுனி கருகும்.

மூதூர்க் கமக்காரன்
கட்டின் மேலேயும் மரங்கள் நிற்கின்றன. அவற்றையும் விடுவதா?

மருதநிழல்
இல்லை, அது வேறு. கட்டின் உடம்பில் முளைத்த கன்றுகளைச் சின்னதிலேயே வேரோடு பிடுங்கி, குழியை நிரப்பி இடியுங்கள். பெரிய மரத்தைக் கண்டபடி வெட்டினால் வேர் உக்கி உள்ளே குழாய்போல வழி விடும். பொறியியலாளர் பார்த்தபின்தான் கை வைக்கலாம்.

கிரவல்
குளத்து வண்டல் வீதிக்குச் சரிவராது. வெயிலில் வெடிக்கும், மழையில் பொங்கும். அது தோட்டத்துக்குப் போகட்டும். கரையில் குவித்து வைத்தால் முதல் மழையிலேயே குளத்துக்குள் திரும்பிவிடும். வீதிக்குக் கிரவல் (சரளை மண்)தான்: ஆறு அங்குலப் படையாக நனைத்து, ஒவ்வொரு படைக்கும் ரோலர் ஓட வேண்டும்.

வீதியை மருதங்காட்டுக்கு வெளியே திருப்பினால் சில நூறு மீற்றர் நீளும், அவ்வளவுதான். வீதிக்குக் குறுக்கே நீர் போகும் மதகு எங்கே வேண்டும் என்பதை, வயல் நீரைப் பங்கிடும் வட்டவிதானையோடு நடந்து, கார்த்திகை வெள்ளம் கடக்கும் பள்ளங்களைப் பார்த்துக் குறியுங்கள். செலவைக் குறைக்க மூன்று பள்ளத்துக்கு ஒரு குழாய் வைத்தால் வீதியே இன்னொரு குளக்கட்டாகி மேல்பக்க வயலை மூழ்கடிக்கும். குழாயின் அடி, பள்ளத்தின் இயற்கை அடியோடு பொருந்த வேண்டும்.

துருசடி
80 ஹெக்டயருக்குள் பாய்ச்சும் குளம் என்பதால் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் எழுத்து அனுமதியைக் கேளுங்கள். மண் வெளியே போவதானால் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திரமும் வேண்டும். இரண்டின் பிரதியும், லெவல் வரைபடமும், கியூப் கணக்கும் கையில் வராமல் கூட்டக் குறிப்பில் ஒப்பமிட வேண்டாம். வேலை சிறுபோக அறுவடைக்குப் பின் தொடங்கி, செப்ரெம்பர் முடிய முன் இயந்திரங்கள் குளத்தை விட்டு வெளியேற வேண்டும் என்றும் அதே குறிப்பில் எழுதுவியுங்கள்.