கான்சாஸ், டென்னசி வாக்குப்பதிவுச் சரிவு: எந்த மாநிலங்களோடு ஒப்பிடுவது? உதவி தேவை

கேள்வி:
வணக்கம். அமெரிக்காவின் கான்சாஸ், டென்னசி மாநிலங்கள் 2011இல் வாக்களிக்கப் புகைப்பட அடையாள அட்டையைக் கட்டாயமாக்கிச் சட்டம் இயற்றின. 2008ஐ விட 2012 அதிபர் தேர்தலில் அங்கு வாக்குப்பதிவு குறைந்தது. ஆனால் அந்தத் தேர்தலில் நாடு முழுவதுமே குறைந்ததால், சட்டத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை. மற்ற மாநிலங்களின் சராசரியோடு ஒப்பிட்டால், எவற்றைச் சேர்க்கிறேன் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் பதில்:
மொத்தச் சராசரியைக் கைவிடுங்கள். ஒஹாயோ போன்ற கடும் போட்டி மாநிலங்களில் பிரசாரமே வாக்காளர்களைச் சாவடிக்கு இழுத்து வந்தது. கான்சாஸிலோ யார் வெல்வார் என்பது முன்பே தெரிந்ததுதான். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் (GAO) 2014இல் இதே கேள்வியை ஆராய்ந்தபோது, அடையாளச் சட்டம் மாறாத அலபாமா, ஆர்கன்சா, டெலவேர், மெய்ன் ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டது. அவற்றை விட இவ்விரு மாநிலங்களிலும் சரிவு சுமார் 2 முதல் 3 சதவீதப் புள்ளிகள் அதிகம் என்று கண்டது. நீங்கள் தேர்ந்தெடுக்கும் மாநிலங்கள் சட்டம் வருவதற்கு முந்தைய தேர்தல்களிலும் கான்சாஸோடு சேர்ந்தே ஏறி இறங்கினவா என்று பாருங்கள். 2004க்கும் 2008க்கும் இடையிலேயே, இல்லாத சட்டத்திற்கு ஒரு 'விளைவு' தென்பட்டால், அந்த ஒப்பீட்டுக் குழு உதவாது.

கேட்டவர்:
மிக்க நன்றி. என் தரவில் பல லட்சம் வாக்காளர்கள் இருப்பதால் பிழை வரம்பு மிகச் சிறிதாக வருகிறது. அதை நம்பலாமா?

இரண்டாம் பதில்:
நம்ப வேண்டாம். சட்டம் ஒவ்வொரு வாக்காளருக்கும் தனித்தனியே வரவில்லை, மாநிலத்திற்கு ஒன்றாக வந்தது. ஆகவே உங்களிடம் உண்மையில் இருப்பவை சில மாநிலங்களே. ஓரிடத்தில் அந்த ஆண்டு நடந்த வேறெதுவும் அங்குள்ள எல்லோரையும் ஒருசேரப் பாதிக்கும். இதற்கு மாற்றாக மாநிலத்திற்குள்ளேயே, அட்டை இல்லாதிருக்க வாய்ப்புள்ள புதிய வாக்காளர்களை நெடுநாள் பதிவில் இருப்பவர்களோடு ஒப்பிட்டு, அந்த இடைவெளி மற்ற மாநிலங்களை விட விரிந்ததா என்று பார்ப்பது எனக்கு மேலாகப் படுகிறது. மேற்சொன்ன அறிக்கையிலும் புதிதாகப் பதிந்தவர்களிடையே சரிவு கூடுதலாகவே இருந்தது.

இரண்டு மாநிலங்களின் முடிவை நாடு முழுவதற்கும் நீட்டிவிடாதீர்கள். காண்டோனி, பான்ஸ் என்ற பொருளியல் ஆய்வாளர்கள் 2008 முதல் 2018 வரையிலான நாடு தழுவிய தரவைக் கொண்டு 2021இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான அடையாளச் சட்டங்களால் ஒட்டுமொத்த வாக்குப்பதிவு குறைந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

வாக்குப்பதிவு விகிதத்தின் வகுக்கும் எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். பதிவுப் பட்டியலிலிருந்து பழைய பெயர்களை நீக்கினாலே, கூடுதலாக ஒருவரும் வாக்களிக்காமல் விகிதம் உயர்ந்துவிடும். தகுதியுள்ள மக்கள்தொகையால் வகுப்பது பாதுகாப்பானது.