தரங்கம்பாடிக் கோட்டையை 30 மாணவர்களுக்கு எப்படிச் சுற்றிக் காட்டுவது?

கேள்வி: தரங்கம்பாடியில் டேனியர் (டென்மார்க் நாட்டவர்) கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டைக்குக் கல்லூரி மாணவர்கள் 30 பேரை அழைத்துப் போகிறேன். அரை நாள்தான் கையில். எங்கே தொடங்கலாம்?

பதில் 1: கோட்டையில் தொடங்காதீர்கள். 1792இல் கட்டிய நகர வாயிலில் காலை 8 மணிக்கு இறங்கி, ராஜவீதியில் கிழக்கே நடங்கள். வழியிலேயே 1718ஆம் ஆண்டின் புதிய எருசலேம் ஆலயம்; ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு அடக்கமானது அதற்குள்தான். அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு இந்த ஊரில் அச்சானதை அங்கேயே சொல்லிவிடுங்கள். வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகம் விடுமுறை, ஞாயிறு காலை ஆலயத்தில் ஆராதனை. இரண்டு நாளும் வேண்டாம்.

பதில் 2: ஐயா சொன்ன வழி சரி. ஆனால் கோட்டைக்குள் 30 பேரும் ஒன்றாகப் போனால் பாதிப் பேருக்குக் காதில் விழாது. கீழ்த்தள அறைகளுக்கு வளைவுக் கூரை, குரல் முட்டி எதிரொலிக்கும். மேலே கடற்காற்று பேச்சை அள்ளிக்கொண்டு போய்விடும். 15 பேராகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கீழே கிடங்கும் சிறையும், மற்றதற்கு மேலே ஆளுநர் தங்கிய அறைகள், பிறகு மாற்றுங்கள். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் டேனியர் செய்த உடன்படிக்கை, 1845இல் அவர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றது, இரண்டையும் உள்ளே போகுமுன் நிழலில் உட்காரவைத்து விளக்குங்கள்.

பதில் 3: கடலோரமாக வடக்கே மாசிலாமணி நாதர் கோயிலை விட்டுவிடாதீர்கள். பாண்டியர் காலத்தது, கோட்டைக்கு முந்நூறு ஆண்டு மூத்தது. முன்பகுதியைக் கடல் அரித்துவிட்டது. டேனியர் வந்துதான் ஊர் உண்டானது என்ற நினைப்பு அங்கே நின்றால் போய்விடும்.