கிளட்ச் வழுக்கும் காரைத் திருமயத்திலிருந்து தேவகோட்டை வரை ஓட்டலாமா?

தேவகோட்டைக்காரன்:
புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ஊர் திரும்பும் வழியில் திருமயத்தில் நிற்கிறோம். பழைய டீசல் கார். நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம்தான் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. கருகிய வாடையும் அடிக்கிறது. கியர் மட்டும் சுலபமாக விழுகிறது. வீட்டுக்கு இன்னும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூட அப்பத்தா இருக்கிறார், வெயில் தாங்க மாட்டார். மெதுவாக ஓட்டிப் போய்விடலாமா?

கானாடுகாத்தான் வாசி:
ஏசியை நிறுத்திவிடுங்கள், இன்ஜினுக்குப் பாரம் குறையும். கிளட்ச் முழுவதும் போய்விட்டாலும் பயப்பட வேண்டாம். இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டுச் சாவியைத் திருப்பினால் வண்டி நகர்ந்துவிடும். நான் அப்படி ஓட்டி வந்திருக்கிறேன்.

காரைக்குடி மெக்கானிக்:
அண்ணன் சொல்லும் வழி வேறு கோளாறுக்கு உரியது. பெடலை மிதித்தும் கிளட்ச் இன்ஜினிலிருந்து பிரியாமல், கியர் கரகரவென்று உரசும்போது அது கைகொடுக்கும். கேபிள் அறுந்தாலோ கிளட்ச் ஆயில் கசிந்தாலோ அப்படி ஆகும். தம்பியின் காரில் நேர்மாறு. பிரிய வேண்டிய நேரத்தில் பிரிகிறது, பிடிக்க வேண்டிய நேரத்தில் கிளட்ச் பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது. இதற்குச் சாவியைத் திருப்பிப் பயனில்லை.

ஏசி ஓடட்டும். அதற்கான சக்தி கிளட்சுக்கு முன்பே இன்ஜினிலிருந்து போய்விடுகிறது. பெரியவரை வேக வைத்தால் கிளட்சுக்கு ஒரு லாபமும் இல்லை.

தம்பி, வாடை அடங்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். சூட்டில் பிளேட் மேலும் தேயும், பிளேட் அழுந்திப் பிடிக்கும் இன்ஜின் சக்கரமான ஃபிளைவீலும் சூடேறி நீலம் பாய்ந்துவிடும். கேபிள் கிளட்சா என்று பாருங்கள். பெடலைக் கையால் அழுத்தும்போது தொடக்கத்தில் கொஞ்சம்கூடத் தளர்வு இல்லையென்றால், கேபிள் இறுகியே பிளேட்டைப் பிடிக்கவிடாமல் செய்யலாம். அட்ஜஸ்டரைச் சற்றுத் தளர்த்தினால் அதுவே சரியாகிவிடவும் கூடும்.

தேவகோட்டைக்காரன்:
கேபிள் இல்லை ஐயா, ஆயில் கிளட்ச். டப்பாவில் ஆயில் நிறைவாக இருக்கிறது. அப்பத்தாவை டாக்சியில் அனுப்பிவிட்டோம். இப்போது நான் மட்டும்தான்.

காரைக்குடி மெக்கானிக்:
நல்ல காரியம். அப்படியானால் தேவகோட்டையை மறந்துவிட்டுக் காரைக்குடி வரை மட்டும் வாருங்கள், தூரம் பாதியாகிறது. மூன்றாம் கியர் போதும். பெரிய கியரில் அழுத்தினால் இன்ஜினின் முழு இழுவையும் கிளட்ச் மேல் விழும், டீசலில் அது இன்னும் அதிகம். ஆக்ஸிலரேட்டரை மென்மையாகத் தொடுங்கள், ஓடும்போது கிளட்ச் பெடல் மேல் கால் இருக்கக் கூடாது. மேட்டில் கிளட்சைப் பாதி அழுத்தி வண்டியை நிறுத்தி வைக்கவே கூடாது, கைப்பிரேக் போடுங்கள். நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் பிளேட் தேயும், அதனால் முன்னே போகும் பஸ்ஸுக்கு நிறைய இடைவெளி விடுங்கள். மூன்றாம் கியரில் மெதுவாக மிதித்தும் வழுக்கினால் ஓரங்கட்டிவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் செலவுதான் ஏறும்.

தேவகோட்டைக்காரன்:
காரைக்குடி வந்து சேர்ந்துவிட்டேன் ஐயா. பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறேன். நாளை கியர்பாக்ஸை இறக்குகிறார்கள். பிளேட் மட்டும் மாற்றினால் போதுமா?

காரைக்குடி மெக்கானிக்:
போதாது. கூலியின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்குத்தான். அதனால் கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதிக்கும்போது அந்த அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். பழைய பிளேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். ரிவெட் வரை தேய்ந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். ஆயிலில் நனைந்திருந்தால் ஆயில் கசியாமல் தடுக்கும் இன்ஜினின் பின்பக்க ஆயில் சீலையும் மாற்றாமல் கியர்பாக்ஸை ஏற்ற விடாதீர்கள்.