காரணமேற்றம், குணமேற்றம்: ‘அட்ரிபியூஷன்’ என்பதற்கு என் முன்மொழிவு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். சமூக உளவியலில் வரும் ‘அட்ரிபியூஷன்’ என்பதற்கு, அதாவது ஒரு செயலுக்கு இன்னதுதான் காரணம் என்று நாம் முடிவுகட்டுவதற்கு, தமிழில் என்ன சொல்வது என்று நான்கு நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். காரணம் கற்பித்தல், காரணக் கற்பிதம், காரணஞ்சாட்டல், சார்த்துகை என நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கையும் பாட வாக்கியங்களில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ‘கற்பித்தல்’. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பாடத்தை மொழிபெயர்த்தபோது நானும் இதைத்தான் போட்டேன். ‘அடிப்படைக் கற்பித்தல் பிழை’ என்பது அதில் ஒரு தலைப்பு. வகுப்பில் அதை வாசித்த மாணவி, “ஆசிரியர் தப்பாகச் சொல்லிக்கொடுப்பதைப் பற்றியதா இந்தப் பகுதி?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். இன்றைய தமிழில் கற்பித்தல் என்றால் பாடம் சொல்லிக்கொடுப்பது. முன்னால் ‘காரணம்’ என்று சேர்த்தாலும் அந்தப் பொருள் விலகுவதில்லை. அன்றோடு அந்தச் சொல்லை விட்டுவிட்டேன்.

‘கற்பிதம்’ இந்தக் குழப்பத்திலிருந்து தப்பிவிடுகிறது. ஆனால் “அது வெறும் கற்பிதம்” என்று நாம் எப்போது சொல்கிறோம்? பொய் என்று சொல்ல வரும்போது. உளவியலாளர் ஃபிரிட்ஸ் ஹைடர் 1958இல் இந்தச் சிந்தனைக்கு அடித்தளம் போட்டபோது, மனிதர்கள் எப்போதும் தப்பாகவே காரணம் கண்டுபிடிக்கிறார்கள் என்று சொல்லவில்லை. சாதாரண மனிதர் ஒவ்வொருவரும் பிறருடைய செயலுக்குக் காரணம் தேடிக்கொண்டே இருக்கிறார். அந்தத் தேடல் எப்படி நடக்கிறது என்பதே ஹைடருடைய கேள்வி. குழந்தை அழுவது காய்ச்சலால் என்று தாய் சொல்கிறாள், அது சரியாகவும் இருக்கிறது. அதைக் கற்பிதம் என்று எப்படி எழுதுவது? சரியா தப்பா என்ற தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே வைத்துவிடக் கூடாது.

‘சாட்டல்’ இன்னும் மோசம். பழி, குற்றம் இரண்டைத்தான் நாம் சாட்டுகிறோம். ஒருவர் உதவி செய்ததற்கு அவருடைய இரக்கமே காரணம் என்று சொல்வதும் அட்ரிபியூஷன்தான். இரக்கத்தை யார் மேல் சாட்ட முடியும்? ‘சார்த்துகை’ நல்ல பழைய சொல், தீர்ப்பும் இல்லை. ஆனால் ‘பயஸ்’, அதாவது ஒருபக்கம் சாயும் போக்கு, என்பதற்குச் ‘சார்பு’ நிலைத்துவிட்டது. இரண்டும் அடுத்தடுத்து வரும் பாடத்தில் ‘சார்த்துகைச் சார்பு’ என்று எழுத வேண்டிவரும்.

இனி, நேற்று நம் குழுவில் அம்மா ஒருவர் எழுதியதிலிருந்து தொடங்குகிறேன்.

> பேச்சில் ‘இல்லாத அர்த்தத்தை ஏற்றிச் சொல்லாதே’ என்கிறோமே, அதிலிருந்து ஏதாவது எடுக்க முடியாதா?

முடியும் அம்மா. எடுக்க வேண்டிய இடமே அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். ‘ஏற்று’ என்ற வினையைச் சொன்னவுடன் ‘எதன் மேல்?’ என்ற கேள்வி தானாக வந்து நிற்கும். பழியை அவன் மேல் ஏற்றினார்கள், சுமையை வண்டி மேல் ஏற்றினார்கள். இந்தக் கோட்பாட்டின் மையக் கேள்வியும் அதுவே: நடந்ததற்கான காரணத்தை ஆள் மேல் ஏற்றுகிறோமா, சூழல் மேல் ஏற்றுகிறோமா? மற்ற மூன்று வினைகளிலும் இது இவ்வளவு நேராக வருவதில்லை. ஆகவே என் முன்மொழிவு காரணமேற்றம். ஆள் மேல் ஏற்றினால் குணமேற்றம், சூழல் மேல் ஏற்றினால் சூழலேற்றம்.

இந்த வினை நம் இலக்கணத்தில் ஏற்கெனவே இதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பள்ளியில் படித்த தற்குறிப்பேற்ற அணியை நினைத்துப் பாருங்கள். கொடி காற்றில் அசைகிறது, அவ்வளவுதான். புலவரோ அது ‘வராதே’ என்று கைகாட்டுகிறது என்பார். இயல்பாக நடப்பதன் மேல் தன் குறிப்பை ஏற்றிச் சொல்கிறார்.

இப்போது ஹைடரும் மேரியன் சிம்மலும் 1944இல் வெளியிட்ட ஆய்வுக்கு வருவோம். ஒரு சின்ன அசைவுப் படம். அதில் ஒரு பெரிய முக்கோணம், ஒரு சிறிய முக்கோணம், ஒரு வட்டம், திறந்து மூடும் கதவுள்ள ஒரு கட்டம். வேறு எதுவும் இல்லை. அதைப் பார்த்து, நடந்ததை எழுதச் சொன்னார்கள். முதல் குழுவில் 34 பேர். வடிவங்கள் நகர்ந்தன என்று வடிவமாகவே எழுதியவர் ஒரே ஒருவர். மற்றவர்கள் பெரிய முக்கோணத்தை முரடனாக்கினார்கள், சிறியதைத் துணிச்சல்காரனாக்கினார்கள், வட்டத்தைப் பயந்து ஒளிய வைத்தார்கள். நான் அந்தப் படத்தைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எல்லாம் தெரிந்திருந்தும், பெரிய முக்கோணம் கதவை மோதும்போது அதன் மேல் கோபம் வருகிறது. கோட்டுத் துண்டுகள் மேல் குணத்தை ஏற்றிவிடுகிறோம். புலவர் தெரிந்தே செய்கிறார், நாம் தெரியாமல் செய்கிறோம். வினை ஒன்றுதான்.

அப்படியானால் தற்குறிப்பேற்றம் என்றே வைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். அது அணியின் பெயர், அங்கேயே இருக்கட்டும். உறவு தெரிந்தால் போதும்.

ஐயா ஒருவர் எழுப்பக்கூடிய மறுப்பை நானே சொல்லிவிடுகிறேன். விலையேற்றம் என்றால் விலை உயர்வது. அப்படியே குணமேற்றம் என்றால் குணம் உயர்வது என்று படிக்க மாட்டார்களா? முதல் முறை படிப்பவர் தடுமாறலாம். ஆனால் மின்னேற்றம் என்பதை யாரும் தப்பாகப் படிப்பதில்லை. வினையாக எழுதும்போது ‘அவர் மேல் குணத்தை ஏற்றுகிறோம்’ என்று வரும், சந்தேகம் அங்கே தீர்ந்துவிடும். ‘பண்பேற்றம்’ என்று வைக்க ஆசைப்பட்டேன், அழகான சொல். ஆனால் இயற்பியலில் ‘மாடுலேஷன்’ என்பதற்கு அது போய்விட்டது. அதைத் தொட வேண்டாம்.

சரி, ‘ஃபண்டமென்டல் அட்ரிபியூஷன் எரர்’? பிறர் செயலுக்குச் சூழலை விட்டுவிட்டு அவர் குணத்தையே காரணமாக்கும் போக்குக்கு லீ ராஸ் 1977இல் வைத்த பெயர். அதற்கான சான்று பத்தாண்டுக்கு முன்பே வந்துவிட்டது. 1967இல் ஜோன்ஸும் ஹாரிஸும் ஃபிடல் காஸ்ட்ரோவை ஆதரித்தும் எதிர்த்தும் எழுதிய கட்டுரைகளைப் படிக்கக் கொடுத்தார்கள். எந்தப் பக்கம் எழுதுவது என்பதை எழுதியவர் தேர்ந்தெடுக்கவில்லை, அது அவருக்குக் கட்டளையாகக் கொடுக்கப்பட்டது என்று தெளிவாகச் சொன்ன பிறகும், ஆதரித்து எழுதியவர் உள்ளூர ஆதரவாளர்தான் என்ற பக்கமே படித்தவர்கள் சாய்ந்தார்கள். கட்டளை கண்முன் இருக்க, குணத்தைக் கொண்டுபோய் ஆள் மேல் ஏற்றினார்கள்.

இதை ‘அடிப்படைக் காரணமேற்றப் பிழை’ என்று எழுதினால், ‘அடிப்படைக் காரணம்’ என்று இரண்டு சொற்கள் ஒட்டிக்கொள்ளும். மூலக் காரணத்தைத் தப்பாகச் சொல்வது என்று ஆகிவிடும். அதனால் நான் சொல்வது குணமேற்றப் பிழை. பெயரைக் கேட்டதும் எது பிழை என்று புரிகிறது. ‘ஃபண்டமென்டல்’ விடுபடுகிறதே என்றால், விடுபடட்டும். ஜோன் மில்லர் 1984இல் அமெரிக்கர்களையும் மைசூரு மக்களையும் ஒப்பிட்டார். குழந்தைகளிடம் பெரிய வேறுபாடு இல்லை. வயது ஏற ஏற அமெரிக்கர்கள் குணத்தை அதிகம் சொன்னார்கள், மைசூருக்காரர்கள் சூழலை அதிகம் சொன்னார்கள். வளரும் இடத்தைப் பொறுத்து கூடிக் குறையும் ஒன்றை அடிப்படை என்று நாமும் ஏன் முத்திரை குத்த வேண்டும்?

இதுவரை பேசியது பிறரைப் பற்றி. தன்னைப் பற்றி நினைப்பதற்கு டேரில் பெம் 1967இல் முன்வைத்த ‘செல்ஃப் பெர்செப்ஷன்’ கோட்பாட்டை இங்கே யாரும் தொடவில்லை. ‘தற்புலக்காட்சி’ என்று அப்படியே பெயர்த்தால் கண்ணாடி பார்ப்பதுபோல் இருக்கிறது. பெம் சொன்னது வேறு. உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியாதபோது, அடுத்தவரைப் பார்த்து ஊகிப்பதுபோலவே நம் செயலைப் பார்த்து நம் மனத்தையும் ஊகிக்கிறோம் என்கிறார். தமிழில் இதற்கு ஒரு வாக்கிய அமைப்பே இருக்கிறது. தட்டு காலியான பிறகு “நல்ல பசியில் இருந்திருக்கிறேன் போலிருக்கிறது” என்கிறோம். கதவை அறைந்து சாத்திவிட்டு, “கோபமாக இருக்கிறேன் போல” என்கிறோம். சொந்தப் பசிக்கும் சொந்தக் கோபத்துக்கும் ‘போல’ எதற்கு? உள்ளிருந்து அறிந்து சொன்னால் அது தேவையில்லை. வெளியிலிருந்து பார்த்து முடிவுக்கு வருவதால்தான் அந்தப் ‘போல’ வருகிறது. எனவே தன்னை உய்த்துணர்தல், சுருக்கமாகத் தன்னுய்த்துணர்வு.

இந்தச் சொல்லை ஓர் ஆய்வில் வைத்துச் சோதித்தேன். லெப்பர், கிரீன், நிஸ்பெட் 1973இல் வெளியிட்டது. வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகள். ஒரு பகுதியினரிடம் வரைந்தால் பரிசுச் சான்று உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள், கொடுத்தும் விட்டார்கள். சில நாள் கழித்து விரும்பியதைச் செய்ய விட்டபோது, அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தார்கள். ‘பரிசுக்காகத்தான் வரைந்தேன் போல’ என்று குழந்தை தன்னை உய்த்துணர்ந்துவிட்டது என்பது ஒரு விளக்கம். வாக்கியம் தடையில்லாமல் ஓடுகிறது. ‘தற்புலக்காட்சி கொண்டது’ என்று போட்டுப் பாருங்கள், நின்றுவிடும்.

அப்புறம் சில்லறை. வெற்றிக்குத் தன்னையும் தோல்விக்குச் சூழலையும் காரணமாக்கும் ‘செல்ஃப் சர்விங் பயஸ்’ என்பதற்கு வந்த ‘தன்னலச் சார்பு’ வேண்டாம், சுயநலம் என்று ஆகிவிடும். ‘தற்சாதகச் சார்பு’ சரியாக இருக்கும். காரணம் ஆளா சூழலா என்று முடிவுகட்ட ஹரால்ட் கெல்லி 1967இல் சொன்ன மூன்று அளவைகளுக்கு: மாணவி வகுப்பில் தூங்கிவிட்டாள். மற்றவர்களும் தூங்கினார்களா என்பது ‘பிறரொப்பு’. வேறு வகுப்புகளில் விழித்திருக்கிறாளா என்பது ‘தனிப்பாடு’. இந்த வகுப்பில் எப்போதும் தூங்குகிறாளா என்பது ‘மாறாமை’. நடுவில் உள்ளது எனக்கே முழுத் திருப்தி இல்லை, நல்லதாக வந்தால் மாற்றிக்கொள்கிறேன்.

தன் செயலுக்குச் சூழலையும் பிறர் செயலுக்குக் குணத்தையும் காரணமாகச் சொல்கிறோம் என்னும் ‘ஆக்டர் அப்சர்வர்’ என்பதற்குச் ‘செய்வோர்-பார்ப்போர் வேறுபாடு’ என்றே எழுதுவோம், ‘விதி’ என்று யாரும் சேர்க்க வேண்டாம். பெர்ட்ராம் மாலே 2006இல் 173 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சராசரியில் அந்த வேறுபாடு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது.

காரணமேற்றத்தை ஏற்கத் தயங்குபவர்கள், உங்கள் சொல்லை ‘காரணத்தைச் சூழல் மேல் ____’ என்ற இடத்தில் போட்டு ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவோம்.

அன்புடன்