காது நரம்புக் கட்டிக்கு காமா நைஃப் செய்துகொண்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி பக்கம், காவேரிப்பட்டணம். அம்மாவுக்கு வலது காது மந்தமாகி, ஓயாத இரைச்சல். நடந்தால் தள்ளாட்டம் வேறு. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் காது நரம்பில் 1.8 செ.மீ. கட்டி. புற்றுநோய் இல்லையாம், அதுவரை நிம்மதி.

டாக்டர் காமா நைஃப் சிகிச்சை சொல்கிறார்: மண்டையைத் திறக்காமல், பல பக்கமிருந்தும் காமா கதிர்களைக் கட்டியில் மட்டும் குவிப்பார்களாம். பெரும்பாலும் ஒரே தடவை, 12-13 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு. கட்டி 3 செ.மீ.க்குள் இருப்பதால் இது சரிப்படும் என்கிறார் டாக்டர். ஆனால் கட்டி மறைந்துவிடாது, வளராமல் நின்றாலே வெற்றி; முதலில் கொஞ்சம் வீங்கவும் செய்யலாம். போன கேள்திறனும் திரும்பாது. இதைக் கேட்டதிலிருந்து சித்தப்பா, "அப்புறம் எதுக்கு? ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க" என்று ஒரே பிடிவாதம்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை எங்களுக்குப் பக்கம். அங்கேயோ வேறெங்கோ செய்துகொண்டவர்கள் சொல்லுங்களேன்: எவ்வளவு காத்திருக்க வேண்டும்? செலவு என்ன ஆனது, நம் முதல்வர் காப்பீட்டு அட்டை உதவியதா? தலை அசையாமல் இருக்க ஃபிரேம் மாட்டும்போது வலி தாங்க முடிந்ததா? முக்கியமாக, இரண்டு மூன்று வருடம் கழித்து காது, முகம், தலைசுற்றல் எல்லாம் எப்படி இருக்கிறது?

பச்சிலை வைத்தியம் மட்டும் வேண்டாம், அதை ஊரே சொல்லி முடித்துவிட்டது.