ஈரத்துக்குக் கழிக்காத தராசு

கோத்தகிரியிலிருந்து:

எடை குறைய ஐந்து மாதமாக வாரத்தில் ஆறு நாள் நடக்கிறேன். தொடங்கியபோது 84 கிலோ, போன ஞாயிறு 82.6. நடுவில் ஒருநாள் 85 என்று காட்டியது. அன்றே செருப்பை மூலையில் போட்டுவிட்டேன்.

எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை. அன்று மழையில் பறித்த கொழுந்தை எடை போடக் கொண்டுபோனேன். தராசில் 62 கிலோ நின்றது. எழுதுகிற பையன் வழக்கம்போல ஈரத்துக்கென்று ஆறு கிலோ கழித்தான். நானும் வழக்கம்போலச் சண்டைக்குப் போனேன். கூட வந்திருந்த, கொழுந்து பறிக்கும் அம்மா சிரித்துவிட்டார்: "தண்ணீருக்கும் யாராவது காசு கொடுப்பார்களா, தம்பி?" வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. என் எடையில் ஈரத்துக்கு யாருமே கழிப்பதில்லையே!

மருத்துவரிடம் கேட்டேன். பயிற்சிக்குப் பழகும் தசை, மாவுச்சத்தைக் கிளைகோஜனாகச் சேர்த்துவைக்குமாம். அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் ஒட்டிக்கொள்ளும். ஏற்றம் ஏறி வலிக்கும் தசையும் நீர் கோத்துக்கொள்ளும். முந்தைய இரவு ஊறுகாயும் அப்பளமும் என்றால் உப்பு தன் பங்குக்குக் கொஞ்சம் நிறுத்திவைக்கும். ஒன்றிரண்டு கிலோ இப்படியே ஏறி இறங்கும் என்றார். கொழுப்பு கரைவது வேறு கணக்கு. ஒரு கிலோவுக்குச் சுமார் 7,700 கலோரி. என் ஒரு மணி நேர நடைக்கு 300 என்று வைத்தாலும் ஏறக்குறைய 26 நாள் ஆகும். அப்படியானால் ஐந்து மாதத்தில் ஐந்து கிலோ எங்கே என்று கேட்காதீர்கள். மீதியைத் தேநீர்க் கடை பஜ்ஜி வாங்கிக்கொண்டது.

இப்போது வேறோர் அளவு வைத்திருக்கிறேன். கன்னேரிமுக்கில், அந்தக் காலத்துக் கோவை கலெக்டர் ஜான் சலிவன் 1819-இல் கட்டிய பங்களா வரை போய்த் திரும்புவேன். வழியில் ஓர் ஏற்றம். முதல் மாதம் அதில் மூன்று இடத்தில் நிற்பேன். எதிரே ஆள் வந்தால், செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து மூச்சு வாங்குவேன். அந்த மூன்றில் இன்று மிச்சமிருப்பது ஒரு சில்வர் ஓக் மரத்தடி மட்டும்.

கொடைக்கானலிலிருந்து:

அண்ணா, டிசம்பரில் ஸ்வெட்டரும் சால்வையுமாக ஏறி நின்று பார்த்த எடையை, மே மாதத்தில் வெறும் சேலையோடு பார்த்த எடையோடு ஒப்பிட்டு, இனிப்பு வாங்கிக் கொண்டாடிய அறிவாளி நான். அதுவும் சர்க்கரை நோயை வைத்துக்கொண்டு!

எனக்கு ஏரியைச் சுற்றி நடை, ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர். எட்டு மாதத்தில் ஒரு கிலோதான் குறைந்தது. ஆனால் மூன்று மாதச் சர்க்கரையைச் சொல்லும் எச்பிஏ1சி 8.1-இலிருந்து 7.2-க்கு வந்திருக்கிறது. மருந்து மாறவில்லை. எடை குறையாவிட்டாலும் உழைக்கிற தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று மருத்துவர் சொன்னார். இடுப்பு 94 சென்டிமீட்டரிலிருந்து 89. நம் பெண்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டுமாம், அது இன்னும் தூரம். இதற்கு டேப்கூட வேண்டியதில்லை. என் பாவாடை நாடாவில் பழைய முடிச்சு விழுந்த கறுப்புத் தடம் இருக்கிறது. இப்போது முடிச்சு அதைத் தாண்டி இரண்டு விரல் உள்ளே விழுகிறது. குளிக்கப் போகும்போது தினமும் அதைப் பார்த்துக்கொள்கிறேன்.

குன்னூரிலிருந்து:

எங்கள் வீடு பழையது, மரத்தளம். எடை இயந்திரத்தைச் சுவரோரம் வைத்தால் 78, கதவருகே வைத்தால் 76.5. நான் அதைக் கதவருகிலேயே வைத்துவிட்டேன். சிமென்ட் தரையில் வைத்துப் பார் என்கிறாள் தங்கை. துணிச்சல் வரவில்லை.

நீங்கள் இருவரும் சொல்வது சரிதான். எனக்குச் சிக்கல் ஐப்பசி மழை. மூன்று வாரம் வெளியே கால் வைக்க முடியாது. பிறகு சிம்ஸ் பூங்கா வரை ஏறுவதே புதிதாகத் தொடங்குவதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு முறை அப்படித்தான் விட்டேன்.

மீண்டும் கோத்தகிரியிலிருந்து:

தம்பி, மழைக்கு நான் வீட்டுப் படிக்கட்டில் இருபது நிமிடம் ஏறி இறங்குகிறேன். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இன்று காலை அந்த சில்வர் ஓக்கடியில் கால் மணி நேரம் நின்றேன். வழியை மறித்துக்கொண்டு காட்டெருமை நின்றது. அதனால் அது கணக்கில் சேராது.